தேவனுக்குத் தாய் உண்டா?

ஈரோட்டில் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்து, போன வருஷம் சோமனூர்ப் பக்கம் ஒரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த பெண் கேட்டிருக்கிறார். ராத்திரி ஜெபத்தில் மாமியார் மரியாளை "சர்வேசுரனுடைய மாதாவே", அதாவது கடவுளின் தாயே, என்னும்போது இவருக்கு வாய் எழமாட்டேன் என்கிறதாம். தேவன் அநாதியானவர், அவருக்கு ஏது தாய்? மரியாள் இயேசுவின் சரீரத்துக்குத்தானே தாய்? போதாக்குறைக்கு மரியாளுக்குச் சிலர் கொடுத்த "இணை மீட்பர்" என்ற பட்டத்தை ரோமாபுரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அப்படியானால் மீதிப் பட்டங்களும் அதே கணக்குத்தானே என்கிறார்.

அம்மிணி, நான் ஆர்.சி.காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்வதை அந்தக் கழிவு போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் சின்னம்மா நீங்கள் வந்த அதே வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். இந்தக் கேள்வி தறிச் சத்தத்தோடு சேர்ந்து எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். "தேவ மாதா" என்ற பட்டம் மரியாளைப் பெருமைப்படுத்தப் பிறந்தது அல்ல. அவர் வயிற்றில் பிறந்த பிள்ளை யார் என்ற சண்டையில் பிறந்தது. 428-இல் நெஸ்தோரியு என்பவர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஆயராக வந்தார். அவரோடு வந்த குருவானவர் ஒருவர், மரியாளை யாரும் "தெயோத்தோக்கோஸ்", அதாவது தேவனைப் பெற்றவள், என்று அழைக்கக்கூடாது என்று பிரசங்கம் செய்தார். மரியாள் மனுஷி, மனுஷி வயிற்றில் தேவன் பிறக்க முடியாது என்பது அவர் வாதம். நெஸ்தோரியு அவரைக் கண்டிக்கவில்லை, ஆதரித்தார். வேண்டுமானால் "கிறிஸ்துவைப் பெற்றவள்" என்று சொல்லுங்கள் என்றார். நீங்கள் கேட்ட கேள்வியேதான், 1,600 வருஷத்துக்கு முன்னால். "இரண்டு மாசம் மூன்று மாசக் குழந்தையை நான் கடவுள் என்று சொல்லமாட்டேன்" என்று நெஸ்தோரியு பேசியதாகப் பிறகு ஆயர்கள் கூடிய சங்கத்தில் சாட்சி சொன்னார்கள்.

அந்த வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டிலில் கிடந்தது கடவுள் இல்லை என்றால், சிலுவையில் தொங்கியது யார்? அலெக்சாந்திரியா ஆயர் சிரில் இந்த இடத்தில்தான் பிடித்தார். எந்தத் தாயும் பிள்ளையின் ஆன்மாவை உண்டாக்குவதில்லை. இருந்தாலும் பெத்தவளைப் பார்த்து "இவர் பிள்ளையின் உடம்புக்கு மட்டும் தாய்" என்று யாரும் சொல்வதில்லை என்றார். நம் ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்று யோசித்துப் பாருங்கள். "இவங்க ரங்கசாமியோட அம்மா" என்போம், "ரங்கசாமியின் சரீரத்தோட அம்மா" என்று சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தாய் என்பவள் ஒரு ஆளுக்குத் தாய், அந்த ஆளின் ஒரு பாகத்துக்கு அல்ல. மரியாள் பெற்ற ஆள் யார் என்பதற்கு உங்கள் சபையும் என் சபையும் ஒரே பதில் வைத்திருக்கின்றன. அந்தப் பதிலை ஒத்துக்கொண்டால் பட்டம் தானாக வந்து சேரும்.

431-இல் எபேசுவில் கூடிய சங்கம் இதைத்தான் முடிவு செய்தது. அங்கே நடந்தது எல்லாம் அழகு என்று சொல்லமாட்டேன். அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேரும் முன்பே சிரில் ஜூன் 22-ஆம் தேதி கூட்டத்தைத் தொடங்கி நெஸ்தோரியுவைப் பதவி இறக்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் தனியாகக் கூடிச் சிரிலைப் பதவி இறக்கினார்கள். நம் ஊர்க் கோயில் கமிட்டிச் சண்டைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. 433-இல் சமாதானம் ஆனது. பிறகு 451-இல் கல்செதோன் சங்கம் கணக்கை நேராக எழுதி வைத்தது: கிறிஸ்து ஒரே ஆள், அவரில் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டு தன்மைகள், கலவாமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும். மரியாளைத் தேவனைப் பெற்றவள் என்று சொல்லும் அதே வரியில் "மனிதத்தன்மையின்படி" என்றும் சேர்த்தது. தேவனுக்கு ஆரம்பம் கொடுத்தவள் என்று எந்தச் சபையும் எந்தக் காலத்திலும் போதித்ததில்லை. உங்கள் நெஞ்சில் முள்ளாக இருப்பது அந்தப் பயம் என்றால், அதை எடுத்துப் போட்டுவிடலாம்.

இந்தச் சண்டை நடந்த காலத்தில் புரோக்குளு என்ற ஆயர், நெஸ்தோரியு உட்கார்ந்திருக்க, அவர் முன்னாலேயே ஒரு பிரசங்கம் செய்தார். மரியாளை அதில் தறி என்றார். தேவனும் மனுஷனும் சேர்ந்த அங்கியை நெய்த தறி. நெய்யும் வேலையைச் செய்தவர் பரிசுத்த ஆவி, கம்பளி ஆதாமின் பழைய ரோமம், ஊடும் இழை கன்னிகையின் மாம்சம், ஊடும் இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டியது அந்த அங்கியை உடுத்தப்போகிறவரின் கிருபை. இதை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு ஆயர் சோமனூர்க்காரனுக்காகவே பிரசங்கம் செய்திருக்கிறார்.

எங்கள் அப்பா இரண்டு விசைத்தறியில் காடாத் துணி ஓட்டினார். நாடாவில் தார், அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய குச்சி, தீர்ந்தால் மாற்றுவது என் வேலை, நெடுக்கே ஓடும் பாவு இழை அறுந்தால் முடி போடுவது அவர் வேலை. நெய்து உருளையில் சுற்றின துணியைத் தடவிப் பாருங்கள். பாவு ஊடையாக மாறவில்லை, ஊடை பாவாக மாறவில்லை, ஒவ்வொரு இழையும் அதது போன போக்கில் கிடக்கிறது. ஆனால் துணி ஒன்று. இரண்டையும் பிரிக்கவேண்டும் என்றால் துணியைப் பாழாக்கித்தான் பிரிக்கமுடியும். கல்செதோன் சொன்ன அந்த நாலு "ஆமல்"களும் எனக்கு விளங்கியது அங்கேதான். உவமை ஒரு எல்லை வரைதான், அதுவும் தெரியும். இரண்டு இழையும் பஞ்சுதான், படைத்தவரும் படைப்பும் அப்படி ஒரே சரக்கு இல்லை.

இதற்கு நேர் எதிரான உவமையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்: மரியாள் வெறும் பாத்திரம், வேலை முடிந்ததும் பாத்திரத்துக்கு என்ன மரியாதை என்பது. பக்தியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதன் பூர்வீகம் கொஞ்சம் வில்லங்கமானது. 2-ஆம் நூற்றாண்டில் வாலந்தீனு என்பவரைப் பின்பற்றியவர்கள், குழாய் வழியாகத் தண்ணீர் போவதுபோலக் கிறிஸ்து மரியாள் வழியாக வந்து போனார், அவரிடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். குழாயில் போகும் தண்ணீர் குழாயின் பிள்ளை ஆகாது. 16-ஆம் நூற்றாண்டில் மென்னோ சீமோன்ஸ் என்ற சீர்திருத்தப் போதகரும், அவர் நோக்கம் வேறாக இருந்தாலும், கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் போனார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரோ கால்வினோ இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் மரியாளிடமிருந்து மாம்சம் எடுக்கவில்லை என்றால் இயேசு நம் இனத்தான் இல்லை, நம் கடனை அடைக்க அவருக்கு உரிமையும் இல்லை. பவுல் அப்போஸ்தலர் "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்று கலாத்தியருக்கு எழுதினது சும்மா இல்லை.

உங்கள் பைபிளையும் மாமியார் வீட்டுப் பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோவான் 1:14-ஐப் பாருங்கள். உங்களுடையதில் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று இருக்கும். மாமியார் வீட்டுப் பொது மொழிபெயர்ப்பில் "வாக்கு மனிதர் ஆனார்" என்று இருக்கும். கிரேக்கத்தில் இருக்கும் சொல் "சார்க்ஸ்", சதை. எனக்கு என்னவோ இந்த ஒரு இடத்தில் உங்கள் பழைய மொழிபெயர்ப்புத்தான் பிடிக்கும். மனிதர் ஆனார் என்பது மரியாதையாக இருக்கிறது, மாம்சமானார் என்பது ரத்தமும் நிணமுமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பக்கப் பிரசங்கத்திலும் "மனித அவதாரம்" என்கிறார்கள். அந்தச் சொல் நம் மண்ணில் பழகின சொல்தான். ஆனால் அவதாரம் பல முறை வரும், காரியம் முடிந்ததும் வேஷம் கலையும். இங்கே எடுத்தது ஒரு முறை, எடுத்த மனிதத்தன்மையைப் பிறகு கழற்றி வைக்கவே இல்லை என்பது விசுவாசம். அதனால்தான் தாய் என்ற உறவும் முடிந்துபோன உறவு ஆகாது என்கிறோம்.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இதில் ஒரே வரியில் நிற்கிறார்களா என்றால் இல்லை. வெகுதூரம் போகவேண்டாம், வாளையாரைத் தாண்டினால் போதும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் யாக்கோபாயர்களும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ்காரர்களும் இருக்கிறார்கள், கோயம்புத்தூரிலேயே அவர்களுக்கு ஆலயங்கள் உண்டு. அவர்கள் எபேசுவை ஏற்பவர்கள், கல்செதோனை ஏற்காதவர்கள். "இரண்டு தன்மைகள்" என்று எண்ணுவதே பிரிப்பதாகும் என்பது அவர்கள் பயம். ஆனால் மாதாவைத் தேவனைப் பெற்றவள் என்று நம்மைவிட அழுத்தமாகச் சொல்வார்கள். திருச்சூரில் கல்தேய சுரியானி சபை இருக்கிறது. கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தது, எபேசுவையே ஏற்காதது, இன்றைக்கும் வழிபாட்டில் "கிறிஸ்துவின் தாய்" என்பது. ஒரே பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் 5-ஆம் நூற்றாண்டுச் சண்டையின் மூன்று கட்சியும் உயிரோடு இருக்கின்றன! 1994 நவம்பர் 11-ஆம் தேதி அந்தச் சபையின் தலைவர் மார் தின்காவும் போப் இரண்டாம் ஜான் பாலும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் "நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்" என்கிறார், மற்றவர் "கடவுளின் தாய்" என்றும் சொல்கிறார், இரண்டும் ஒரே விசுவாசத்தின் நியாயமான சொல்வழக்குகள் என்று ஒத்துக்கொண்டார்கள். உங்களுக்கு இது முக்கியம். "கிறிஸ்துவின் தாய்" என்று மட்டும் சொல்பவரைக் கள்ளப் போதகர் என்று விரட்ட இனி எங்கள் பக்கம் வழியில்லை.

புராட்டஸ்டன்ட் பக்கம் பார்த்தால், லுத்தர் கடைசி வரை மரியாளைத் தேவனின் தாய் என்றுதான் சொன்னார். 1577-இல் லுத்தரன்கள் எழுதிய ஒத்திசைவு அறிக்கையிலும் அந்தப் பட்டம் அப்படியே இருக்கிறது. கால்வின் எபேசுவின் போதனையை ஒத்துக்கொண்டார், ஆனால் பட்டத்தை ஜனங்கள் நடுவில் புழங்கத் தயங்கினார், பாமரர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று. 1947-இல் உருவான உங்கள் சி.எஸ்.ஐ. நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஏற்ற சபை. இயேசுவின் தெய்வத்தன்மையையே மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் இந்தப் பட்டத்தை மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் மறுத்தால் கணக்கு இடிக்கும்.

கால்வினின் தயக்கத்தை நான் தள்ளமாட்டேன். தமிழில் அது இரட்டிப்பாகப் பொருந்தும். "தேவமாதா" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தேவனுடைய மாதா என்று விரித்தால் வேற்றுமைத்தொகை, எபேசு சொன்னது அது. தேவியாகிய மாதா என்று ஒருவர் விரித்துக்கொண்டால் யார் தடுக்க முடியும்? தாயையும் அம்மனையும் "ஆத்தா" என்றே கூப்பிடும் நாடு நம்முடையது. பழைய ஜெபத்தில் "சர்வேசுரனுடைய மாதாவே" என்று உருபை விரித்தே வைத்ததற்கும், இப்போது "இறைவனின் தாயே" என்பதற்கும் நான் நன்றி சொல்லுவேன். அந்த "உடைய"தான் காவல்.

"வணக்கம்" என்ற சொல் இன்னொரு குழி. கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை ஒன்று, புனிதர்களுக்குக் காட்டும் மரியாதை வேறு, மரியாளுக்குக் காட்டுவது அந்த மரியாதையிலேயே மேலானது என்று லத்தீனில் மூன்று தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். தமிழில் போனை எடுத்தாலும் வணக்கம், மே மாசம் வந்தால் மாதா வணக்க மாதம். கேட்கிற புராட்டஸ்டன்ட் காதில் அது எப்படி விழும்?

பட்டங்கள் எல்லாம் ஒரே எடை இல்லை என்பது அடுத்தது. மாதாவைப் பட்டம் பட்டமாகச் சொல்லி அழைக்கும் மாதா பிரார்த்தனையை ஒருநாள் நிதானமாகக் கேளுங்கள். "தாவீதரசருடைய உப்பரிகையே", "தந்தமயமான உப்பரிகையே", "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று போகும். அது கவிதை. யாரும் அதை வைத்துச் சங்கம் கூட்டவில்லை. "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்ற வரியைத் தெரிந்தவருக்கு வேளாங்கண்ணியின் "ஆரோக்கிய மாதா" புதிதாக இருக்காது. கருமத்தம்பட்டியில் நாம் கும்பிடும் செபமாலை மாதாவின் திருநாள் அக்டோபர் 7-இல் வருவதற்குக் காரணம் ஒரு கடற்போர், 1571-இல் லெப்பாந்தோவில் நடந்தது. தேர் இழுக்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரியாவிட்டால் குறையும் இல்லை. 2020-இல் போப் பிரான்சிஸ் மூன்று புதிய பட்டங்களைச் சேர்த்தார், அதில் ஒன்று குடிபெயர்ந்தவர்களுக்கு ஆறுதல் என்பது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்க்கிற பிள்ளைகளை நினைத்தால் அது எனக்கு வெறும் பட்டமாகப் படவில்லை.

அந்தப் பிரார்த்தனையின் இலக்கணத்தையும் கவனியுங்கள். கடவுளின் பெயர் வரும்போது "எங்களைத் தயைபண்ணி இரட்சியும்" என்போம். மாதாவின் பெயர் வந்ததும் பதில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மாறிவிடும். அவர்கிட்டே ரட்சிப்பைக் கேட்பதில்லை, ஜெபத்தைக் கேட்கிறோம்.

"இணை மீட்பர்" இந்த எல்லையைத் தாண்டியதால்தான் வம்பு. கிறிஸ்துவின் மீட்பு வேலையில் மரியாள் ஒத்துழைத்தார் என்பதைச் சொல்ல வந்த பட்டம் அது. இரண்டாம் ஜான் பாலே சில முறை அதைப் பயன்படுத்தினார். பிறகு போப் ஆன ராட்சிங்கர், வேதாகமத்தின் மொழியைவிட்டு வெகுதூரம் போகிறது என்றார். பிரான்சிஸும் ஏற்கவில்லை. 2025 நவம்பர் 4-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, போப் பதினான்காம் லியோவின் ஒப்புதலோடு, அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவது எப்போதும் பொருத்தமற்றது என்று அறிவித்தது. தவறாகப் புரியாமலிருக்க ஓயாமல் விளக்கம் சொல்லவேண்டிய சொல், ஜனங்களின் விசுவாசத்துக்கு உதவாது என்பது அவர்கள் காரணம். தமிழில் இன்னும் மோசம். லத்தீனில் "கோ" என்றால் கூட இருந்து. தமிழில் இணை என்றால் சமம், இணையில்லாதவர் என்றால் சமானம் இல்லாதவர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் இணை இயக்குநர் வேறு இருக்கிறார். மீட்புக்கு அப்படி ஒரு பதவி கிடையாது. இந்த அறிவிப்பு வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுண்டிப்போனதும் உண்மை.

அதை வைத்து "தேவ மாதா"வையும் சேர்த்துத் தள்ளலாமா? அதற்கும்தானே விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பார்க்கிற வித்தியாசம் ஒன்றுதான்: "இணை மீட்பர்" என்பதை எடுத்துவிட்டால் கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசத்தில் ஒரு இழையும் அறாது. "தேவனைப் பெற்றவள்" என்பதை வேண்டுமென்றே மறுத்தால், தொட்டிலில் கிடந்தவர் யார் என்ற கேள்வி திரும்ப எழுந்து நிற்கும்.

நடுவில் இருக்கும் பட்டம் "மத்தியஸ்தி", இடையில் நின்று பரிந்து பேசுபவள். "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்று தீமோத்தேயு நிருபம் சொல்கிறதே என்பீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் இந்தப் பட்டத்தைச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் மகிமையில் இது எதையும் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை என்று உடனே வரம்பு கட்டியது. மரியாளுக்கு என்று தனி ஏடு எழுதுவதா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே ஒரு அதிகாரமாகச் சேர்ப்பதா என்று அங்கே ஓட்டெடுப்பே நடந்தது. 1963 அக்டோபர் 29-இல், 1,114-க்கு 1,074. நாற்பதே ஓட்டு வித்தியாசத்தில் "சேர்ப்போம்" என்ற பக்கம் ஜெயித்தது.

உண்மையான வேற்றுமை எங்கே என்றால், 1854-இன் அமலோற்பவமும் (மரியாள் ஜென்மப் பாவம் இல்லாமல் உருவானார் என்பது) 1950-இன் விண்ணேற்பும் (உடலோடு விண்ணகத்துக்கு எடுக்கப்பட்டார் என்பது). வேதாகமத்தில் நேராக இல்லாததை விசுவாசக் கோட்பாடு ஆக்கலாமா என்பது உங்கள் பக்கத்துக் கேள்வி, அது லேசான கேள்வி இல்லை. மரித்த பரிசுத்தவான்களிடம் ஜெபம் கேட்கலாமா என்பது இன்னொன்று. இவற்றை நான் இங்கே தீர்த்துவிட முடியாது. மாரியம்மனுக்கு மாதா வேஷம் போட்டுவிட்டீர்கள் என்று சிலர் சொல்வதற்கு மட்டும் ஒரு வார்த்தை. கொடியேற்றம், சப்பரம், தேர் எல்லாம் நம் மண்ணின் விழா முறை, அதை மறுக்க என்ன இருக்கிறது. பட்டம் மட்டும் இங்கே முளைத்தது இல்லை. எபேசுவில் கும்பிட்ட தியானாள் என்ற தேவிக்குப் பதிலாக வந்தது என்பதும் நிற்காது. அந்தச் சங்கத்துக்கு 100 வருஷம் முன்பே அலெக்சாந்திரியா ஆயர் அலெக்சாண்டர் "தெயோத்தோக்கோஸ்" என்று எழுதியிருக்கிறார். "இதோ உம்முடைய சரணமாக ஓடிவந்தோம்" என்று செபமாலை முடிவில் உங்கள் மாமியார் சொல்வாரே, அதன் கிரேக்க மூலம் எகிப்தில் பாபிரசு என்ற பழைய நாணல் தாளின் ஒரு துண்டில் கிடைத்து, இப்போது மான்செஸ்டர் நூலகத்தில் இருக்கிறது. அதிலும் அதே சொல்தான்.

இனி ராத்திரி ஜெபம். "அருள் நிறைந்த மரியே" ஜெபத்தின் முன்பாதி முழுக்க லூக்கா முதல் அதிகாரம். "கிருபை பெற்றவளே, வாழ்க" என்று உங்கள் பைபிளிலேயே இருக்கிறது, "என் ஆண்டவருடைய தாயார்" என்று எலிசபெத்து சொல்வதும் அங்கேதான். அதுவரை தயங்காமல் சொல்லுங்கள். பின்பாதிக்கு வாய் வராவிட்டால் சும்மா இருங்கள், யாரும் அதட்டினால் அது அவர்கள் தப்பு.

எங்கள் சின்னம்மா அப்படித்தான் செய்தார். முன்பாதியை எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வார். "சர்வேசுரனுடைய மாதாவே" வரும்போது தறிக்குக் கீழே சிதறிக் கிடக்கும் தார்க்குச்சிகளைப் பொறுக்கக் குனிந்துவிடுவார். ஐம்பத்து மூன்று மணிக்கும் ஐம்பத்து மூன்று முறை. அப்பா ஒன்றும் சொன்னதில்லை. பொறுக்குவதற்குக் குச்சி இல்லாத நாளில் நாலைந்தை அவரே கீழே தட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.